பூமியிலிருந்து பதில் வர நேரமாகும்

ஜனவரி 6, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். பீளமேட்டில் ஒரு வெட் கிரைண்டர் ஷோரூம். அதன் மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். படிக்கட்டின் இரண்டு ஓரத்திலும் குழவிக்கல் அடுக்கியிருக்கிறார்கள். கீழே யாருக்காவது கிரைண்டரை ஓட்டிக் காட்டினால் மேலே என் மேசை நடுங்குகிறது.

ஷோரூம் திருமூர்த்தி அய்யாவுடையது. மாடி அவருடைய மகன் கோகுல் சாருடையது. கோகுல் சார் ‘அந்தரம்’ என்று ஒரு விளையாட்டைத் தயாரிக்கிறார். கம்ப்யூட்டரில் ஆடுவதல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாயால் பேசி ஆடுவது. ஆளுக்கொரு வேடம்: ஒருவர் விண்கலத்தின் கேப்டன், ஒருவர் மருத்துவர், ஒருவர் இன்ஜினியர். கதையை நடத்துகிறவர் “இப்போ என்ன பண்றீங்க?” என்று கேட்பார். நாம் சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

என் வேலைக்குப் பெயர் ‘அறிவியல் சரிபார்ப்பு’. மார்ச் கடைசியில் ஒரு கண்காட்சியில் விளையாட்டை வெளியிடுகிறார்கள். அதுவரை நான் தற்காலிகம். அது நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம்.

கோகுல் சார் சொன்னார்: “படம் எடுக்கறவங்க விண்வெளியில வெடிச்சா டமால்னு சத்தம் வைக்கறாங்க. கதை எழுதறவங்க ராக்கெட்டை டவுன் பஸ் மாதிரி பிரேக் போட்டு நிறுத்தறாங்க. நம்ம பெட்டி மேல ‘நூற்றுக்கு நூறு அறிவியல்’னு போடப்போறோம். அதுக்குத்தானுங்க நீங்க.”

நான் தலையாட்டினேன். அதற்கு என்ன சொல்லியிருக்கலாம் என்பது ஹாஸ்டல் ஸ்டாப்பில் இறங்கும்போது தோன்றியது. எனக்கு எப்போதும் இப்படித்தான். பதில் வரும், கேட்டவர் போன பிறகு.

அப்பா போன் செய்தார். “என்ன வேலை கண்ணு?”

“விண்வெளி சம்பந்தப்பட்டதுப்பா.”

மேலே விளக்குவதற்குள் பஸ் வந்துவிட்டது. வேறு ரூட் பஸ்தான். இருந்தாலும் அந்தப் பரபரப்பில் போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 11, சனி

சனிக்கிழமைகளில் சோதனை ஆட்டம். கதையை நடத்துவது கோகுல் சார். விதிகளை எழுதுவது ஜெரால்டு அண்ணன், இன்ஜினியரிங் படித்தவர், யாராவது தப்பாகப் பேசினால் அவருக்குக் காது சிவக்கிறது. படம் வரைவது ஹசீனா அக்கா. அப்புறம் நான்.

மேசை நடுவில் ஒரு பூஜை மணி இருக்கிறது. யார் சொன்னது அறிவியலுக்குப் பொருந்தவில்லை என்று பட்டாலும் அதை அடிக்கலாம். அடித்தால் ஆட்டம் நிற்கும். சந்தேகம் தீர்ந்த பிறகுதான் தொடரும்.

ஹசீனா அக்கா, “கலம் கிளம்புது” என்றார்.

ஜெரால்டு அண்ணன் மணியை அடித்தார். “எந்தத் திசையில?”

மாலை வரை கலம் கிளம்பவில்லை.

ஜனவரி 18, சனி

இன்றும் கலம் கிளம்பவில்லை. எரிபொருளின் எடையைத் தூக்கவும் எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளின் எடையைத் தூக்கவும் எரிபொருள் வேண்டும் என்று ஜெரால்டு அண்ணன் வெள்ளைப் பலகை நிறைய எழுதினார். கணக்கு சரிதான். மதியம் கோகுல் சார் பொறுமையிழந்து, “சரி, வியாழனுக்குப் போய்ச் சேர்ந்தாச்சுன்னு வச்சுக்கலாம்” என்றார். இப்படி ஒரே வாக்கியத்தில் வியாழன் வந்துவிட்டது.

அங்கே கலத்தில் ஒரு கோளாறு. பூமியிடம் ஆலோசனை கேட்க வேண்டும். செய்தி ஒளியின் வேகத்தில்தான் போகும், நாற்பது நிமிடம் ஆகும், அதனால் நாமும் நிஜமாகவே நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும், அதுதான் நம் விளையாட்டின் சிறப்பு என்றார் கோகுல் சார். ஜெரால்டு அண்ணன் கண் கலங்காத குறை.

நான் மணியைப் பார்த்தேன். கை தானாகப் போய்விட்டது. கணீர் என்றது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். 

“சொல்லுங்க மேகலா.”

“கேள்வி போய்ச் சேர நாற்பது நிமிஷம் சார். பதில் திரும்பி வர இன்னொரு நாற்பது.”

 கீழே ஒரு கிரைண்டர் ஓடி நின்றது.

“எண்பது நிமிஷம்!” என்று ஜெரால்டு அண்ணன் எழுந்தே விட்டார். “கோகுல், எண்பது!”

நான் முதன்முதலாகச் செய்த வேலை, ஏற்கெனவே நகராத விளையாட்டை இரண்டு மடங்கு மெதுவாக்கியது. எல்லோரும் கை கொடுத்தார்கள்.

ஜனவரி 25, சனி

பூமியை நான்தான் நடத்த வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பக்கத்து அறையில் கிரைண்டர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல், அதுதான் பூமி. ஜெரால்டு அண்ணன் போனில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். ஒரு பக்கம் பேசினால் அது உள்ளேயே தங்கி, சரியான நேரம் ஆனதும்தான் மறுபக்கம் கேட்கும். பேசி அனுப்பியதை அழிக்க முடியாது. “ஒளி கிளம்பிட்டா கிளம்பினதுதான்” என்றார்.

அவர்கள் காத்திருந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று ஹசீனா அக்கா பிறகு சொன்னார். பஜ்ஜி வாங்கி வந்தார்கள். கேப்டன் தூங்கிவிட்டார். டாக்டர் மொபைல் ரீசார்ஜ் செய்தார்.

நான் மட்டும் அங்கே நிம்மதியாக இருந்தேன். யோசித்து, மனதுக்குள் மாற்றி, மறுபடியும் யோசித்துப் பேசினேன். கேட்டவர் எதிரில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பதில் லேட்டாக வந்தால்தான் சரி என்கிற இடம் உலகத்தில் இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 27, திங்கள்

நேற்று அப்பாவோடு பேசினேன். அப்பா பெருந்துறையில் ஒரு பந்தல் கடைக்குக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். நாற்காலி, சாமியானா, பாத்திரம் எல்லாம் ஏற்றி இறக்குவார். முதலாளியிடம் “புள்ளை ராக்கெட்ல வேலை செய்யுது” என்று சொல்லியிருக்கிறார். முதலாளி அவருக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாராம். அப்பா அதை இரண்டு முறை சொன்னார்.

சிக்னல் சரியில்லை. அதனால் விளக்க முடியவில்லை.

பிப்ரவரி 1, சனி

விண்வெளிச் சண்டை. வெற்றிடத்தில் சத்தம் பரவாது. ஆகவே ரேடியோ கெட்டுப்போனால் ஆடுகிறவர்களும் பேசக்கூடாது என்பது ஜெரால்டு அண்ணனின் விதி. நான்கு பேரும் மேசையைச் சுற்றிக் குனிந்த தலையோடு உட்கார்ந்து, பகடையைச் சத்தம் வராமல் துணியின் மேல் போட்டுச் சண்டையிட்டோம். யாருடைய கலம் யாரைச் சுட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஷோரூமில் விற்பனை பார்க்கும் அண்ணன் ஏதோ கேட்க மேலே வந்தார். கதவருகே நின்று பார்த்தார். செருப்பைக் கழற்றினார். என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்:

“யாருங்க தவறிட்டாங்க?”

பிப்ரவரி 9, ஞாயிறு

துணி துவைத்தேன். ஹாஸ்டலில் தண்ணீர் எட்டு மணிக்கு நின்றுவிடும், பக்கெட்டுக்கு வரிசை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பழைய நோட்ஸ் பையை எலி கடித்திருக்கிறதா என்று பார்த்தேன். கடிக்கவில்லை. திரும்ப உள்ளே தள்ளிவிட்டேன்.

விண்வெளி ஆய்வு மையத் தேர்வுக்கு விண்ணப்பம் தொடங்கிவிட்டதாம். கூடப் படித்த பெண் அனுப்பியிருந்தாள். நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. கடைசித் தேதி மார்ச் 31.

பிப்ரவரி 12, புதன்

பெரியப்பா போன் செய்து, இந்த வருஷம் மழை எப்படி, சோளம் போடலாமா என்று கேட்டார். “நம்ம புள்ளையே மேல இருக்கறப்ப ரேடியோவை எதுக்கு நம்போணும்?” என்றார்.

ஜூனில் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். எப்படியும் ஜூனில்தான் போடுவார்.

பிப்ரவரி 22, சனி

கலத்தில் பன்னிரண்டு பேர் ஏழு வருடமாக இருக்கிறார்கள். எரிபொருள் கணக்கு நான்கு தசம இடம் வரை சரியாக இருக்கிறது. இவர்களுக்கு யார் சமைக்கிறார்கள், பாத்திரத்தை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டு மணி அடித்தேன். இப்போதெல்லாம் அடிக்கிறேன்.

“தானா நடக்கும்ங்க” என்றார் கோகுல் சார். “தானியங்கி.”

ஆட்டம் முடிந்ததும் மேசை மேல் நான்கு டீ டம்ளர்கள் இருந்தன. ஹசீனா அக்காவும் நானும் கழுவினோம்.

பெட்டியின் அட்டைக்கு ஹசீனா அக்கா ஒரு பெண் இன்ஜினியரை வரைந்திருந்தார். தடித்த விண்வெளி உடை, தலையில் ஹெல்மெட். முகமே தெரியவில்லை, உடையை உடம்போடு ஒட்டினாற்போல் போடுங்கள், முடி பறக்கட்டும் என்றார் கோகுல் சார்.

அக்கா மணியை அடித்தார். “வெற்றிடத்துல எந்தக் காத்துல பறக்கும்?”

“அக்கா, அது மார்க்கெட்டிங். மார்க்கெட்டிங்குக்கு மணி கிடையாது.”

“இது எப்ப வந்த விதி?”

“ஜெரால்டு, எழுதிக்கோ.”

ஜெரால்டு அண்ணன் எழுதிக்கொண்டார். காது மட்டும் சிவந்தது.

மார்ச் 3, திங்கள்

கண்காட்சியில் ஓர் ஆட்டத்துக்குக் கிடைக்கிற நேரத்தில் வியாழனிலிருந்து பதில் வந்து சேராது என்பது இன்றுதான் கோகுல் சாருக்கு உறைத்தது. கலத்தைச் செவ்வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் போக பத்து, வர பத்து, மொத்தம் இருபது நிமிடம் என்று நான் சொன்னேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது.

மாலையில் கோகுல் சாரின் அம்மா கீழே ஷோரூமுக்கு வந்திருந்தார். ஷோரூம் முழுக்கக் கேட்டது.

“செவ்வாய்னா பொண்ணு வச்சிருக்கற வீட்டுல எவன்டா வாங்குவான்? தோஷத்தைப் பெட்டில போட்டு விக்கறயாடா?”

கோகுல் சார் மேலே வந்து, கலம் செவ்வாயருகே இருக்கட்டும், ஆனால் விதிப்புத்தகத்தில் ‘சிவந்த கோள்’ என்று அச்சிடலாம் என்றார். ஜெரால்டு அண்ணன் மணியிடம் கையைக் கொண்டுபோனார்.

“மார்க்கெட்டிங்” என்றார் கோகுல் சார்.

மார்ச் 10, திங்கள்

அப்பா வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார்.

எங்கள் தெரு மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் பந்தல் முகப்பில் கட்ட ஃபிளெக்ஸ் பேனர் அடித்துவிட்டார்கள். பந்தல் முதலாளியின் அன்பளிப்பு. நடுவில் அம்மன். இடது பக்கம் ஒரு ராக்கெட், புகையோடு. வலது பக்கம் என் கல்லூரி அடையாள அட்டைப் படம், பெரிதாக்கியதில் கன்னம் வரி வரியாக இருக்கிறது. கீழே தங்க எழுத்தில்: ‘எங்கள் தெருவின் விண்வெளி விஞ்ஞானி ரா. மேகலா எம்.எஸ்சி. அவர்களை வாழ்த்தி வரவேற்கிறோம்.’

அதைத் தொடர்ந்து அப்பாவின் குரல் செய்தி. “நல்லாருக்குதா கண்ணு? நாந்தான் பக்கத்துல நின்னு எழுத்தெல்லாம் சொன்னேன்.”

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும்.

நல்லாருக்கு என்று அனுப்பினேன். பேனர் நன்றாகத்தான் இருந்தது. நான் பேனரைத்தான் சொன்னேன்.

ஹசீனா அக்காவிடம் காட்டும்போது கோகுல் சார் பின்னால் நின்றிருக்கிறார்.

“அட! சூப்பருங்க மேகலா” என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே போனார்.

மார்ச் 12, புதன்

பெட்டி அட்டையின் மாதிரி வந்தது. முன்பக்கம் முடி பறக்கும் இன்ஜினியர். பின்பக்கம்: ‘நூற்றுக்கு நூறு அறிவியல். சரிபார்த்தவர்: விண்வெளி விஞ்ஞானி ரா. மேகலா.’

“சார், நான் விஞ்ஞானி இல்ல” என்றேன். இன்று பதில் உடனே வந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. அவர் குனிந்து, “என்னங்க?” என்றார்.

“இல்ல சார், இது…”

“உங்க ஊரே சொல்லுதுங்க. நானா சொல்றேன்?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கண்காட்சிக்கு அப்பா வர்றாருங்க. அதைப் பார்த்துட்டுத்தான் மாடியை விட்டுவைக்கறதா, குடோன் ஆக்கறதான்னு சொல்வாரு. ஒரு விஞ்ஞானியை வேலைக்கு வச்சிருக்கேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். போன தீபாவளிக்கே சொல்லிட்டேன்.”

போன தீபாவளிக்கு நான் வேலையிலேயே இல்லை.

“வெளியீடு முடிஞ்சதும் உங்க ஆர்டர் ரெடி. பதவி என்ன தெரியுமா? தலைமை அறிவியல் அதிகாரி. இதுல ஒரு கையெழுத்து மட்டும்.”

பேனா இல்லை என்றேன். கொடுத்தார்.

கையெழுத்துப் போட்டேன். அட்டையில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. அதைத்தான் நான் சரிபார்த்ததாகக் கொள்ளலாம்.

மார்ச் 13, வியாழன்

தூக்கம் வரவில்லை. ஹாஸ்டலில் கொசு.

மார்ச் 21, வெள்ளி

பெட்டிகள் அச்சாகி வந்துவிட்டன. முதல் பெட்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை. கோகுல் சாரின் அம்மா பகடையின் ஆறு முகத்திலும் சந்தனம் வைத்து, ஒரு முகத்தில் மட்டும் குங்குமம் வைத்தார். ஜெரால்டு அண்ணன் தாங்க முடியாமல் மணியடித்தார். பகடையின் எடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, இனி விழுகிற எண் நியாயமாக இருக்காது என்றார்.

“பூஜை மணியைப் பூஜையில அடிக்கறதுக்கு என்ன தம்பி, நல்லா அடி” என்றார் அம்மா.

மார்ச் 28, வெள்ளி

நாளை கண்காட்சி. நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டேன். அம்மாவிடம் பேசினேன், நாளைக் காலையில் எனக்காகக் கோயிலில் விளக்குப் போடுகிறாராம். அப்பா இன்று முழுக்க கோயில் பந்தல் வேலையில் இருக்கிறாராம். அப்பாவைக் கூப்பிடட்டுமா என்றார் அம்மா. வேண்டாம், வேலையாக இருப்பார் என்றேன்.

மார்ச் 29, சனி

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பெரிய மண்டபம். புத்தகம், பொம்மை, ரோபோ என்று ஏகப்பட்ட கடைகள். எங்கள் கடையில் ஒரு மேசை, அதைச் சுற்றி ஆறு நாற்காலி. பின்னால் கறுப்புத் துணி கட்டி ஒரு சின்னத் தடுப்பு. அதுதான் பூமி. உள்ளே நானும் போனும், ஒரு ஃபேனும். பூமியின் குரல் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று மேசைக்கு மேல் ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பந்தல் ஸ்பீக்கர்தான், அப்பா வண்டியில் ஏற்றுகிற மாதிரி. தடுப்புக்கு வெளியே என் பெயர்ப் பலகை, விஞ்ஞானி என்ற சொல்லோடு. துணியைச் சற்று விலக்கினால் மேசை தெரியும். உதவிக்கு இருக்கட்டும் என்று ஹசீனா அக்கா மணியை என்னிடம் கொடுத்திருந்தார். வெளியே இருந்தால் ஜெரால்டு அண்ணன் அடித்துக்கொண்டே இருப்பார் என்று கோகுல் சார் பயந்தார்.

காலையில் இரண்டு ஆட்டம் நன்றாகப் போயிற்று. காத்திருக்கிற இருபது நிமிடத்தில் கலத்தில் இருப்பவர்கள் பதறுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருவரையொருவர் சமாதானப்படுத்துகிறார்கள். ஜெரால்டு அண்ணன் சரியாகத்தான் நினைத்திருக்கிறார்: அந்தக் காத்திருப்புதான் விளையாட்டே.

மதியம் ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா ஸ்பின்னிங் மில் சேலையில், ஷிப்ட் முடிந்து நேராக வந்தது போல இருந்தார். முடியில் பஞ்சு. பெண் பிளஸ் ஒன் இருப்பாள். பெட்டியின் பின்பக்கத்தை விரல் வைத்துப் படித்தாள்.

“ஏனுங்க, விஞ்ஞானி நெசமாவே உள்ள இருக்கறாங்களா?” என்று அம்மா கேட்டார்.

“இருக்காங்கம்மா. பூமியே அவங்கதான்” என்றார் கோகுல் சார்.

“பொம்பளைப்புள்ளயா! வினோதினி, பாத்துக்கோ.”

வினோதினியைக் கேப்டனாக உட்கார வைத்தார்கள். அதே நேரம் திருமூர்த்தி அய்யா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. கோகுல் சாரின் குரல் மாறிவிட்டது. அப்பாவிடம் பேசும்போது அவருக்கு என் குரல் வருகிறது.

ஆட்டம் ஆரம்பித்தது. கலத்தின் இடது டேங்கில் காற்று கசிகிறது. கேப்டன் பூமிக்குச் செய்தி அனுப்பினாள். பத்து நிமிடம் கழித்து அது எனக்குக் கேட்டது.

“கலத்திலிருந்து பூமிக்கு. எடது டேங்க் லீக் ஆவுதுங்க்கா. என்ன பண்றது?” ஒரு நொடி இடைவெளி. பிறகு வேகவேகமாக: “அப்புறம், நீங்க எப்புடி விஞ்ஞானி ஆனீங்க? என்ன படிக்கோணும்? எங்க அம்மா கேக்கச் சொன்னாங்க. நானும் கேக்கறேன்.”

துணியை விலக்கிப் பார்த்தேன். அந்த அம்மா மேசைக்குப் பின்னால் நின்று, பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மகள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். பதில் வந்ததும் எழுதிக்கொள்வதற்கு.

என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வாள். பிறகு அதைப் படித்து, அதன்படி நடப்பாள்.

எனக்கு யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்தது. இந்த முறை தேவைப்படவில்லை. முதலில் மணியைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து மெல்ல அடித்தேன், மண்டப இரைச்சலில் வெளியே கேட்டிருக்காது. பிறகு பேசினேன். பேசி முடித்து அனுப்பியபோதுதான், இது இன்னும் பத்து நிமிடத்துக்கு யாருக்கும் கேட்காது, ஆனால் இனி நிறுத்தவும் முடியாது என்று உறைத்தது.

அந்தப் பத்து நிமிடமும் துணி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோகுல் சார் அப்பாவிடம் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். “விஞ்ஞானிங்கப்பா. முழு நேர வேலை. நூத்துக்கு நூறு.” திருமூர்த்தி அய்யா கண்ணாடியை மாட்டிப் படித்தார். தலையை ஆட்டினார். கோகுல் சார் சிரித்தார். சேர்ந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. ஜெரால்டு அண்ணனிடம், அந்த ஸ்பீக்கரின் ஒயரை… ஆனால் ஒயரைப் பிடுங்குவது அறிவியல் ஆகாது.

ஸ்பீக்கரில் முதலில் மணி கேட்டது. ஜெரால்டு அண்ணன் நிமிர்ந்தார். பிறகு என் குரல், மண்டபம் முழுக்க. நான் அவ்வளவு சத்தமாகப் பேசி நானே கேட்டதில்லை.

“பூமியிலிருந்து கலத்துக்கு. இடது டேங்க் வால்வை மூடுங்க. அடுத்தது. நான் விஞ்ஞானி இல்ல. பெட்டியில போட்டிருக்கறது தப்பு. நான் எம்.எஸ்சி. இயற்பியல், அரசுக் கல்லூரி. எங்க வீட்டுல முதல்ல படிச்சது நான்தான். விஞ்ஞானி ஆகறதுக்கு ஒரு பரீட்சை இருக்கு. அது எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் தேறல. இயற்பியலும் கணக்கும் விடாம படி. பழைய வினாத்தாளை நேரம் வச்சுப் போட்டுப் பாரு, நான் அதைப் பண்ணல. மீதியை ஆட்டம் முடிஞ்சதும் வா, நேர்ல சொல்றேன். பூமியிலிருந்து அவ்வளவுதான்.”

பக்கத்துக் கடையில் ஓடிக்கொண்டிருந்த ரோபோ நாய் கூட நின்றுவிட்டது போலிருந்தது.

வினோதினி எழுதுவதை நிறுத்தி ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னாள்: “வால்வை நான் அப்பவே மூடிட்டேங்க்கா.”

அது எனக்குப் பத்து நிமிடம் கழித்துக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் துணிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள், உடனே கேட்டுவிட்டது.

கோகுல் சார் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். திருமூர்த்தி அய்யா பெட்டியை மறுபடியும் திருப்பினார்.

“எத்தனை பெட்டி அடிச்சிருக்கற?”

“ஆயிரம்ப்பா.”

“ஸ்டிக்கர் ஒட்டு. வெலை ஏத்தறப்ப நாம கிரைண்டர் பெட்டிமேல ஒட்டலயா?” மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார். பிறகு மேசையைப் பார்த்து, “அந்தப் புள்ளயோட டேங்க் என்னாச்சு, அதைச் சொல்லு” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த ஆட்டத்தில் டாக்டராக ஆடினார். கலத்தில் எல்லோருக்கும் சுக்குக் கஷாயம் கொடுத்தார்.

மார்ச் 30, ஞாயிறு

அப்பாவைக் கூப்பிட்டேன். பஸ் ஸ்டாப்பில் இல்லை. சிக்னலும் நன்றாக இருந்தது.

விளையாட்டு என்றேன். பெட்டி என்றேன். விஞ்ஞானி இல்லை என்றேன். பரீட்சை தேறவில்லை என்பதையும், அதை அவரிடம் ‘ரிசல்ட் இன்னும் வரலை’ என்று மறைத்திருந்ததையும் சொன்னேன்.

பெருந்துறைக்கு ஒளி போய்ச் சேரக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. அப்பாவிடமிருந்து பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“ரெண்டு தடவையுமா?”

“ஆமாப்பா.”

“பெரியப்பன்கிட்ட ஜூன்ல சோளம் போடச் சொன்னயாமே?”

“அது எப்பவும் ஜூன்லதானேப்பா போடுவாரு.”

“அதுஞ் செரி.” தொண்டையைச் செருமினார். “பேனரைக் கட்டியாச்சு கண்ணு. உம்பட போட்டோ நல்லா விழுந்திருக்குது. நோம்பி முடியற வரைக்கும் இருக்கட்டும். அந்த எழுத்து மேல மட்டும் ஒரு வாழை மரத்தை நிறுத்திக் கட்டிடறேன். பந்தல்ல வாழை மரம் கட்டுனா எவன் கேப்பான்?”

ஏப்ரல் 2, புதன்

வேலை போகவில்லை. நிரந்தரமும் ஆகவில்லை. தற்காலிகத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்கள். கோகுல் சார் நேரே பேசுவதில்லை. ஜெரால்டு அண்ணன் வழியாகப் பேசுகிறார். அவரிடம் கேட்டு அவர் என்னிடம் கேட்டு நான் சொல்லி அவர் போய்ச் சொல்வதற்குள் செவ்வாய்க்கே போய் வந்துவிடலாம்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். ‘விண்வெளி விஞ்ஞானி’ மேல் ‘எம்.எஸ்சி. இயற்பியல்’. நூற்றுக்கு நூறு என்பதையும் மாற்ற வேண்டும் என்று ஜெரால்டு அண்ணன் மணியை அடித்துவிட்டார். பறக்கும் முடிக்கு எத்தனை கழிப்பது, சமையல் தானாக நடப்பதற்கு எத்தனை கழிப்பது என்று வெள்ளைப் பலகையில் கணக்கு ஓடுகிறது. மாலை வரை எண் வரவில்லை. கடைசியில் கோகுல் சார், யாரையும் பார்க்காமல், ‘பெரும்பாலும் அறிவியல்’ என்று போடச் சொன்னார்.

அது மார்க்கெட்டிங்கா என்று ஹசீனா அக்கா கேட்டார்.

கோகுல் சார் எழுந்தார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். குழாய்ச் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 5, சனி

நோம்பிக்கு ஊருக்குப் போக முடியவில்லை, ஸ்டிக்கர் பாக்கி. அப்பா படம் அனுப்பினார். வாழை மரம் நல்ல உயரம், குலையோடு. ‘விண்வெளி விஞ்ஞானி’ முழுக்க மறைந்திருக்கிறது. ‘எங்கள் தெருவின்’ என்பதற்கும் ‘ரா. மேகலா எம்.எஸ்சி.’ என்பதற்கும் நடுவே வாழைக்குலை தொங்குகிறது. அடுத்த படம் காற்றடிக்கும்போது எடுத்தது. இலை விலகியதில் பாதி எழுத்து தெரிகிறது.

விண்வெளி மையத் தேர்வு விண்ணப்பத்தைத் திங்களன்றே அனுப்பிவிட்டேன். கடைசித் தேதி அன்றுதான். நோட்ஸ் பை இப்போது கட்டிலுக்கு மேல் இருக்கிறது.

பேனரைக் கழற்றும்போது கிழித்துவிட வேண்டாம், சுருட்டி வையுங்கள் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும்.